ஈரச் சேலை

இடுப்பளவு தண்ணீர் வந்ததும் அங்கம்மா குந்தினாள். ஆறு கழுத்துவரை ஏறியது. காலையிலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை விட்டாள். ஆற்றுத் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. தன்னுடையது மட்டும் சூடாகப் பிரிந்து, எரிந்து, ஆற்றோடு போயிற்று.

“என்னா அங்கம்மா, முழுக்குப் போடறியா, முட்டை போடறியா?” என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

பெண்கள் சிரித்தார்கள். அங்கம்மாவும் சிரித்தாள். அவளுக்குச் சிரித்தால் கசியும். ஆற்றுக்குள் நின்று சிரிப்பதில் யாருக்கு என்ன தெரியப்போகிறது? நன்றாகவே சிரித்தாள்.

கரையேறியபோது எல்லார் சேலையும் சொட்டியது. தீ மிதிப்பவர்கள் ஆற்றில் முழுகி, பிழியாமல், ஈர மஞ்சள் துணியோடு கோயில்வரை நடக்க வேண்டும் என்பது வழக்கம். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் காப்புக் கட்டிய பெண்கள் அத்தனை பேர் காலடியிலும் மண் நனைந்தது. அதற்காகவேதான் காப்புக் கட்டிக்கொண்டாள் என்று சொன்னால் அம்மன் கோபித்துக்கொள்ளக்கூடும். பாதி அதற்காக. மறுபாதி மகள் தனத்துக்காக.

தீவின் தெற்கே பிளேன் மாக்னியன் ஊர்ப் பக்கம் ஒரு பெரிய கரும்புத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, கல் நிறைந்த துண்டு ஒன்று அவள் புருஷன் வேலாயுதத்துக்கும் அவன் அண்ணனுக்கும் கிடைத்தது. கரும்புக்கொல்லையை அங்கே காரோ என்பார்கள். இவர்களுடைய காரோவில் மண்ணைவிடக் கல் அதிகம். ஆண்கள் கடப்பாரையால் நெம்பினார்கள். பெண்கள் தலையில் சுமந்துபோய்க் கொல்லை நடுவில் குவித்தார்கள். தனம் பிறந்து அப்போது தீட்டுக் கழியவில்லை. அங்கம்மா அடுப்படிக்குள் வரக்கூடாது, குடத்தைத் தொடக்கூடாது, விளக்கேற்றக்கூடாது. கல் தூக்கலாம். தீட்டு வீட்டுக்குத்தான், காரோவுக்கு இல்லை. மழைக்கு முன் நட்டாக வேண்டும் என்று வேலாயுதம் பறந்தான். ஒரு கறுப்புக் கல்லைத் தலைக்கு ஏற்றுகையில் அவள் அடிவயிற்றில் ஏதோ கழன்று இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான்.

குந்தினால் எலுமிச்சை அளவுக்குக் கையில் தட்டுப்பட்டது. இருமினால் கசிந்தது, தும்மினால் கசிந்தது, குடத்தைத் தூக்கினால் கசிந்தது. “கர்ப்பப்பை அடி தள்ளிடுச்சி” என்றாள் ஓரகத்தி பொன்னம்மா. முதலில் இரக்கத்தோடுதான் சொன்னாள். அங்கம்மா கோணித்துணியை மடித்துக் கட்டிக்கொண்டாள். தொடை இரண்டும் புண்ணாயின. பாய் நாறியது. பாயை வெளியே போட்டார்கள். தனம் பால் மறந்ததும் அங்கம்மாவையும் வெளியே போட்டார்கள். மாட்டுக் கொட்டகையில் அவளுக்கு இடம். தனம் உள்ளே, பெரியம்மா பக்கத்தில் படுத்தது. இப்போதெல்லாம் பயந்து விழித்தால் பெரியம்மாவைத்தான் கூப்பிடுகிறது.

கிரியோல் இனத்து மருத்துவச்சி பியெரெட் ஒரு தரம் வந்து பேசிப் பார்த்தாள். தனம் பிறந்தபோது கூட இருந்தவள் அவள்தான். “மாயெபூர்ல ஒரு டாக்டர் வளையம் வெக்கிறார். உள்ள வெச்சா தாங்கிக்கும். என் சின்னம்மாவுக்கு வெச்சாங்க, இன்னிக்கும் ஆத்துல நின்னு துணி வெளுக்கிறா. கூட்டிப் போகட்டுமா?”

“வெள்ளைக்காரன் கைய வெக்கறதுக்கா?” என்றான் வேலாயுதம்.

“வெக்கலன்னா கொட்டகைதானா?”

“எங்க வீட்டு விஷயம் மடாம். நீங்க போங்க.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு ஒரு நாள், கோயிலில் பூசாரி முன்னால், அங்கம்மா அவனைக் கேட்டாள். அவளாகக் கேட்டது அது ஒன்றுதான். “நான் தீ மிதிக்கறேன். கால் சுடலன்னா உடம்பு சுத்தம்னு ஒத்துக்குவீங்களா? என்னை உள்ள படுக்க விடுவீங்களா?”

வேலாயுதம் பூசாரியைப் பார்த்தான். பூசாரி தலையசைத்தார். “சுடலன்னா வந்து படு” என்றான். அவனும் அந்த வருஷம் காரோ விளைய வேண்டும் என்று காப்புக் கட்டியிருந்தான். இத்தனை பேர் எதிரில் இல்லை என்று எப்படிச் சொல்வான்?

நோன்பு நாள்களில் எல்லாரும் கறி மீனை விட்டார்கள். அங்கம்மா தண்ணீரையும் விட்டாள். குடித்தால்தானே கசியும் என்று கணக்குப் போட்டாள். வாயைக் கொப்புளித்துத் துப்பினாள். நாக்குத் தடித்தது. போவது குறைந்தது. ஆனால் போகும்போது மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது, அடக்குவதும் முன்னைவிடக் கஷ்டமாயிற்று. என்ன பிசகு என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மன் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் குறைத்துக் குடித்தாள்.

ஊர்வலம் கரும்புக்கொல்லைகளுக்கு நடுவே போயிற்று. பொன்னம்மா காப்புக் கட்டவில்லை, கூடவே வந்தாள்.

“முன்னால போய் நட அங்கம்மா. காத்து இந்தப் பக்கம் வீசுது.”

“எல்லார் மேலயும் மஞ்சத் தண்ணி நாத்தம்தான் அக்கா அடிக்குது.”

“மஞ்சளுக்கும் மத்ததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?”

அங்கம்மா முன்னால் போனாள். இந்த ராத்திரி தனத்தை எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று யோசித்துக்கொண்டு நடந்தாள். சுவர்ப் பக்கம்தான் நல்லது. உருண்டு விழாது.

கோயில் முன்னால் குழி தகதகவென்று கிடந்தது. வேலிக்கு வெளியே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நின்றார்கள். பியெரெட்டும் நின்றாள். கரகத்தோடு பூசாரி முதலில் இறங்கி ஏறினார். பிறகு ஒவ்வொருவராக. அங்கம்மாவின் முறை வந்தது. அவளுக்குப் பின்னால் வேலாயுதம்.

இறங்கினாள். சூடு காலில் தெரியவில்லை, முகத்தில்தான் அடித்தது. பாதி தூரத்தில் கசிந்தது. தொடையில் ஓடியது தெரிந்தது. நிற்கவில்லை. சேலை முழுக்க ஈரம், இதில் எது எதென்று எந்தத் தெய்வம் பிரித்துப் பார்க்கும்? பின்னாலேயே வந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பக்கூடாது என்பது விதி. திரும்பவில்லை. குழி முடிவில் பால் ஊற்றியிருந்த பள்ளத்தில் கால் வைத்தாள். பால் சில்லென்றிருந்தது.

வேலாயுதம் அலறியது அப்போதுதான்.

இரண்டு பேர் பாய்ந்து அவனை இழுத்துப் போட்டார்கள். உள்ளங்கால் இரண்டும் வெந்து தோல் சுருண்டிருந்தது. கூட்டம் வாயில் கை வைத்தது. அங்கம்மா பூசாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள்.

“பாருங்க சாமி. எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாப் பாருங்க.”

பூசாரி குனிந்து பார்த்தார். கொப்புளம் இல்லை, சிவக்கக்கூட இல்லை.

“நனைச்சிக்கிட்டே போனா நெருப்பு எப்பிடிச் சுடும்?” என்றாள் பொன்னம்மா. கூட்டத்தில் எவனோ சிரித்தான். அவள் மறுபடி சொன்னாள்: “அணைச்சிட்டுப் போயிருக்கா சாமி.”

“அணைச்சிருந்தா பின்னால வந்தவருக்கு எப்பிடிக்கா சுட்டுச்சி?” என்றாள் அங்கம்மா.

வேலிக்கு அப்பாலிருந்து பியெரெட் கிரியோல் மொழியில் கத்தினாள்: “அவன் நின்னான்! நடு நெருப்புல நின்னு, குனிஞ்சு, அவ சேலையப் பார்த்தான்! சொட்டுதான்னு பார்த்தான்! நான் பார்த்தேன்!”

எல்லாருக்கும் கிரியோல் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கம்மா புருஷனைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. நின்னீங்களா?”

வேலாயுதம் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான், பிறகு பூசாரியைப் பார்த்தான். “நான் எங்க நின்னேன்? காலு நவுரல. யாரோ புடிச்ச மாதிரி இருந்துச்சி.”

பூசாரி திருநீற்றை அவன் நெற்றியில் பூசினார். கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். ஒரு முடிவு சொல்லித்தான் ஆக வேண்டும், ஊரே நிற்கிறது.

“உனக்குச் சுடல தாயி, வாஸ்தவம்” என்றார். “உன் தீட்டைப் புருஷன் கால்ல வாங்கிக்கிட்டான். அதான் நடந்தது.”

எல்லாருக்கும் அது பொருந்திவிட்டது. பெண்கள் வேலாயுதத்துக்காக உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆற்றில் முட்டை போடறியா என்று கேட்டவள்தான் அவள். அங்கம்மா நீட்டிய கால்களை மடக்கிக்கொண்டாள்.

அன்று ராத்திரியும் அங்கம்மாவுக்குக் கொட்டகைதான். மறுநாள் வேலாயுதத்தால் எழுந்து நிற்க முடியவில்லை. அண்ணன் சுண்ணாம்புத் தெளிவும் தேங்காயெண்ணெயும் கலந்து காலில் போட்டான். ஒன்றுக்குப் போவதற்கு ஒரு தகரக் குவளை வைத்தார்கள். கொழுந்தன் குவளையைத் தொடமாட்டேன் என்று பொன்னம்மா சொன்னாள். அங்கம்மாவைக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் காலையிலும் மத்தியானத்திலும் குவளையை எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவி வைத்தாள். பிற்பகல் கை தவறிப் பாயில் சிந்திவிட்டான். பாயை அலசி வேலியில் காயப்போட்டாள். காய்ந்ததும் எடுத்து அவனுக்கு விரித்தாள். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் அவனைப் பார்க்க வந்து, பாயில் உட்கார்ந்து பேசிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். தனம் பொன்னம்மாவிடம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. சாயங்காலம் மழை பெய்தது. அங்கம்மா குவளையை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.