எனக்குச் சொல்லாமல் எனக்காகவும் ஜெபித்தார்கள்

தேவனுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஆனால் என் சாட்சி முழுவதும் நன்றியாக இல்லை. பாதி வருத்தம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் மறைத்ததால் வந்த வினைதான் இது.

போன வருடம் ஆவணி கடைசியில் நான் நோர்வேக்குப் போனேன். மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மண்ணியல் படிக்கிறேன். ஒரு தவணை வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தது. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மொன்ட்ரியால் குளிரில் வளர்ந்தவளை நோர்வேக் குளிர் என்ன செய்துவிடும் என்று பகிடி விட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன். குளிர் ஒன்றும் செய்யவில்லை. இருட்டுத்தான் செய்தது. கார்த்திகை முடிவதற்குள் பின்னேரத் தேநீருக்கு முன்பே ஊர் இருண்டுவிடும். விடுதி அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக இருப்பேன். வந்திருக்கவே கூடாதோ என்று தோன்றும்.

அந்த இருட்டில் எனக்குத் துணை அப்பாவின் தொலைபேசி. அப்பா மட்டக்களப்புக்காரர், பெயர் சாமுவேல். மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில் எங்கள் வீடு. ஒரு பாண் பேக்கரியில் வேலை. விடிவதற்கு முன் முதல் பஸ்ஸில் போவார். அந்த பஸ்ஸில் இருந்து கூப்பிடுவார். எனக்கு அது மத்தியான நேரம். சாப்பிட்டாயா என்று கேட்பார். பிறகு, பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்களே என்றும் பார்க்காமல், சத்தமாக ஒரு சின்ன ஜெபம் செய்வார். விடுதிச் சமையலறையில் என்னோடு சாப்பிடுகிற நோர்வேப் பிள்ளைகளுக்கே ஆமென் பழகிவிட்டது.

மார்கழி தொடங்கியதும் அந்த அழைப்பு நின்றது.

அம்மாவிடம் கேட்டேன். "அவருக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க புள்ள. இரவு வேலை. பகல்ல படுக்காரு. நீ சோதினையப் பாரு" என்றார். நம்பினேன். அப்பா படுக்கையிலிருந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று கேட்கவேண்டும் போல இருந்தது. சோதனைக்கு நிறையப் படிக்கக் கிடந்தது. கேட்கவில்லை.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். படிக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. செத்த வீடு முடிந்த பிறகு சொல்லுகிற குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. பிள்ளைமேல் உள்ள பாசம்தான். இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஒஸ்லோவில் றெஜினா அன்ரி என்று ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர். சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடக்கும். ரயிலில் போய்வருவேன். ஜெபத்துக்கு மட்டும் என்று சொன்னால் பொய், அன்ரியின் இடியப்பத்துக்காகவும்தான். அன்றைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விண்ணப்பமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஆமென் சொன்னோம்.

"ஆண்டவரே, கனடா மொன்ட்ரியாலில் பாரிசவாதம் வந்து கிடக்கிற சகோதரன் சாமுவேலை நினைத்தருளும். பாண் பேக்கரியில் வேலை செய்து பிள்ளையைப் படிப்பிக்கிற மனுஷன், ஆண்டவரே. அந்த மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவளுக்கும் பெலன் தாரும்."

ஆமென் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த மகள் நான் என்று எனக்கு விளங்கியது.

எங்கள் சபையில் என்னை விட்டுவிட்டுத் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார்கள். பழைய குழுவில் எனக்கு வழக்கம்போலக் காலை வசனம் வந்துகொண்டிருந்தது. புதிய குழுவில் அப்பாவுக்காக மொன்ட்ரியால் ஜெபித்தது, ரொறன்ரோ ஜெபித்தது, றெஜினா அன்ரியின் மச்சாள் மூலம் ஒஸ்லோவும் ஜெபித்தது. முழுப் பூசணிக்காயை ஒரேயொரு தட்டுச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டு என்னுடையது.

அந்த மகள் நான்தான் என்று அன்ரியிடம் சொன்னேன். "ஐயோ பிள்ளை, நீரோ அது? எனக்குத் தெரியாதம்மா" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அம்மாவுக்கு எடுத்தேன். கத்தினேன். அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முதலில் வந்தது சின்னதாம். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் கொஞ்சம் குழறியதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து என்னோடு பேச வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தாராம். குரலைக் கேட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று அம்மா தொலைபேசியைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டாவது தடவை வந்தது. அதோடு பேச்சும் போயிற்று, நினைவும் சரியாக இல்லை.

"உன்னட்ட என்னவோ சொல்லணும் எண்டாரு புள்ள. மறுகா சொல்லலாம், சோதினை முடியட்டும் எண்டு நான்தான்..."

அன்ரியின் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, அப்பாவைக் கொண்டுபோகாதேயும். அவர் குரலை எனக்கு ஒருக்கால் தாரும்" என்று மட்டும் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். சோதனையை விட்டுவிட்டுப் புறப்பட்டேன். அன்ரியின் கணவர் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

நான் போய்ச் சேரும்போது அப்பா உயிரோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கண்ணால் நீர் வழிந்தது. வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மருத்துவர்கள் ஆபத்து நீங்கவில்லை என்றார்கள். சபையார் முறை வைத்து உபவாசம் இருந்தார்கள். இந்தத் தடவை நானும் இருந்தேன். கிறிஸ்மஸ் வாரத்தில் ஆபத்துத் தாண்டிவிட்டது என்றார்கள். தேவன் பெரியவர்.

குரல் உடனே வரவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. புனர்வாழ்வு நிலையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு கியூபெக் பெண். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் பக்கத்தில் இருந்து "அப்பா, என்ட பேரச் சொல்லுங்க" என்று கெஞ்சுவேன். அப்பா என் வாயையே பார்ப்பார். பங்குனியில் ஒருநாள் அந்தப் பெண் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அப்பா அவரைப் பார்த்து, தெளிவாக, "மெர்சி" என்றார். பிரெஞ்சில் நன்றி.

என் பெயர் அல்ல. அம்மாவின் பெயர் அல்ல. தமிழும் அல்ல. அந்தப் பெண் கை தட்டினார். எனக்கு முதலில் வந்தது பொறாமை. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. குரலைத் தாரும் என்றுதான் கேட்டிருந்தேன், எந்தப் பாஷையில் என்று ஆண்டவரிடம் சொல்லவில்லையே.

அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். கைத்தடியோடு நடக்கிறார். சில சொற்கள் வந்திருக்கின்றன. நீளமாக ஒன்றும் சொல்ல வராது. அந்த மார்கழியில் என்னிடம் என்ன சொல்ல இருந்தார் என்று கேட்டேன். யோசித்தார். தலையை ஆட்டினார். அவருக்கே ஞாபகம் இல்லை. அது எனக்கு இனிக் கிடைக்காது. அம்மாமேல் இருந்த கோபம் போய்விட்டது. இந்த வருத்தம் மட்டும் போகவில்லை. அம்மாவுக்கும் போகவில்லை.

இரவு ஜெபத்தில் நாங்கள் ஆளுக்கொரு முறை ஜெபிக்கிறோம். அப்பாவின் முறை வந்தால் காத்திருப்போம். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருப்பார். கடைசியில் "மெர்சி" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம். அதைவிடப் பெரிய ஜெபம் எனக்குத் தெரியாது.

அன்பானவர்களே, என் ஆண்டவர் கேட்கிறவர். கோபமாகக் கேட்டாலும் கேட்கிறவர். அவரை நம்புங்கள். அவரை நம்புகிறவர்கள் பிள்ளைகளையும் கொஞ்சம் நம்புங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால், தூரத்தில் படிக்கிற பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அழும். அழட்டும். நோயாளிக்குக் குரல் இருக்கும்போதே தொலைபேசியை அவர் கையில் கொடுங்கள்.