திறக்க மறுத்த கல்யாணம்

போன வாரம் ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளின் ட்ரயல் பதிப்பை என் மடிக்கணினியில் இறக்கினேன். இறங்கியது, நிறுவிக்கொண்டது, திரையில் அழகான ஒரு சின்னமும் வந்து உட்கார்ந்தது. அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு வட்டம் சுழன்றது, நின்றது, அப்புறம் ஒன்றுமேயில்லை. வேறு யாராக இருந்தாலும் எரிச்சல் வந்திருக்கும். எனக்கோ ஒரு குதூகலம் கிளம்பிவிட்டது. "ஒரு டீ போட்டுத் தர்றீங்களா, இது தெறக்க மாட்டேங்குது" என்று நான் சொன்ன குரலைக் கேட்டு, எனக்கு ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்றுதான் என் கணவர் நினைத்தாராம்.

திரும்பத் திரும்பத் தட்டியதில் கணினி சூடேறி, அடியிலிருந்து ஒரு வாசனை வந்தது. சுட்ட பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனை. உங்களுக்கு அது நாற்றமாகத் தெரியலாம். எனக்கு அது ஹட்டன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், அண்ணன் முறையில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் ரிஸ்வான் நானாவின் ஸ்டுடியோ.

அங்கே நான் வேலைக்குச் சேர்ந்ததே ஓர் எழுத்தினால்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்த காலம். நான் டீச்சராக வேண்டும் என்று வீட்டில் எப்போதோ தீர்மானித்துவிட்டிருந்தார்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது, நானா ஒரு கல்யாணப் பெண்ணின் பெயரைத் தமிழில் தட்ட முடியாமல் விசைப்பலகை முழுவதும் ஒற்றை விரலால் 'ஞ'வைத் தேடிக்கொண்டிருந்தார். பெண்ணின் பெயர் ஞானாம்பிகை. பள்ளிக்கூடத்தில் தமிழ் தட்டச்சு பழகியிருந்த நான் எட்டி அந்த எழுத்தை அழுத்தினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு வர ஏலுமா தங்கச்சி?"

அடுத்த நாள் போனேன். டீச்சர் ஆகவேயில்லை.

முதலில் பெயர் அட்டைகள் தட்டினேன். பிறகு வெட்டி ஒட்டவும் பழகிக்கொண்டேன். அந்தக் காலத்தில் நான் செய்த கல்யாணப் படங்களைப் பார்த்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் மாப்பிள்ளை நூறு துண்டாக உடைந்து பறப்பார். அன்னப்பறவை நீந்தி வந்து மணப்பெண்ணை இழுத்துக்கொண்டு போகும். இதயத்துக்குள்ளிருந்து மாமனார் எட்டிப் பார்ப்பார். எங்கள் மழைக்காலம் உங்களுக்குத் தெரியுமல்லவா? மூடுபனி மாடி ஜன்னல் வழியாக உள்ளே வந்து சுவரெல்லாம் வியர்க்கும். மணப்பெண் அலங்காரத்துக்கு வைத்திருந்த தலைமுடி உலர்த்தியால் கணினிக்குச் சூடு காட்டிவிட்டுத்தான் காலையில் அதை இயக்குவோம். எங்கள் ஸ்டுடியோவில் அதிகமாக அலங்காரம் செய்துகொண்டது அந்தக் கணினிதான்.

அப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட கணினியை ஒரு சித்திரை மாதத்து இடி கொண்டுபோய்விட்டது. தொலைபேசிக் கம்பி வழியாக வந்து இறங்கியது. டேப்பிலிருந்து படத்தைக் கணினிக்குள் எடுக்கிற அட்டையும் சேர்ந்து கருகியது. எங்கள் பழைய எடிட்டிங் மென்பொருள் அந்த அட்டை இருந்தால்தான் வேலை செய்யும். நானா கண்டிக்குப் போய், அட்டை இல்லாமல் கேமராவை நேராகச் செருகக்கூடிய புதுக் கணினி ஒன்று வாங்கி வந்தார். மென்பொருளுக்குக் கொழும்பில் சொல்லியிருந்தார், அது வர நாளாகும் என்றார்கள்.

பரவாயில்லை, காத்திருக்கலாம் என்றுதான் இருந்தோம். அப்போதுதான் கோகிலா மாடிப்படி ஏறி வந்தாள்.

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த பெண். இடி விழுவதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய கல்யாணத்தை நானா படம்பிடித்திருந்தார். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. அவளுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். மகள் கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கொடுக்கவில்லை.

"அக்கா, எங்க லயத்து ராணியக்கா சனிக்கெழம குவைத்துக்குத் திரும்பிப் போறாங்க. எங்கம்மா இருக்குற எடத்துக்குப் பக்கத்துலதான். டிவிடிய அவங்ககிட்ட குடுத்துவிட்டா எங்கம்மா பாத்துருவாங்க. ராணியக்காவ விட்டா அடுத்து யாரு போறான்னு தெரியாது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கம்மா இன்னும் மாப்பிள்ள மொகத்தயே ஒழுங்கா பாக்கலக்கா. ஒரு சின்ன போட்டோ அனுப்புனோம், அம்புட்டுதான்" என்றாள்.

நானா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கணினிச் சஞ்சிகையை எடுத்தார். அதன் அட்டையில் ஒட்டியிருந்த இலவச இறுவட்டை உரித்து என்னிடம் நீட்டினார். எடிட்டிங் மென்பொருள், ஒரு மாதத்துக்கு ட்ரயல். எங்களுக்கு ஒரு வாரம் இருந்தாலே போதும்.

நிறுவத் தொடங்கியதும் பாதியில் நின்றது. வட்டை வாசிக்க முடியவில்லை என்றது. பசை ஒட்டியிருக்கும் என்று துப்பட்டா முனையால் துடைத்துப் போட்டேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. வட்டில் இருப்பதையெல்லாம் முதலில் கணினிக்குள் நகலெடுத்து, அங்கிருந்து நிறுவிப் பார்க்கலாமே என்று தோன்றியது. பல தடவை முக்கி முனகி நகலாகியது. பச்சைக் கோடு நிறைந்தது. நிறுவியாயிற்று. நானும் கோகிலாவும் கையைக் கோர்த்துக்கொண்டு திரையைப் பார்த்தோம்.

'உங்கள் ட்ரயல் காலம் முடிந்துவிட்டது' என்றது.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பிறந்தது அதற்குள் எப்படி முடியும்? நானாவுக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. நான் திரையின் மூலையில் இருந்த தேதியைத் தற்செயலாகப் பார்த்தேன். அந்தக் கணினி எங்களை விட்டு ஒரு வருடம் முந்திப்போய் வாழ்ந்துகொண்டிருந்தது; இலவச வட்டுக்கு வைத்திருந்த கடைசித் தேதி அதன் கணக்கில் எப்போதோ தாண்டிவிட்டது. கடையில் யாரோ தேதியைத் தவறாக வைத்திருக்கிறார்கள். தேதியைச் சரிசெய்து, மென்பொருளை அகற்றி, மறுபடியும் நிறுவினேன். இந்த முறை வண்ணப் படத்தோடு முகப்பு வந்தது. கீழே ஒவ்வொன்றாகச் சொற்கள் ஓடின. கோகிலா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எல்லாம் மறைந்து வெறும் திரை வந்தது. பிழை என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து, தினமும் வந்துவிடும் கோகிலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த வித்தையெல்லாம் செய்தோம். வைரஸ் காவலை நிறுத்தினேன். திரைக்கான மென்பொருளைப் புதுப்பித்தேன். அகற்றினேன், நிறுவினேன், அணைத்தேன், போட்டேன். ஒவ்வொரு முறையும் முகப்புப் படம் வரும், சொற்கள் ஓடும், ஒரே இடத்தில் செத்துப்போகும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் சோர்ந்துபோனதாக ஞாபகமே இல்லை. காலையில் பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு எதை மாற்றிப் பார்க்கலாம் என்று மனம் பறக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவது காதில் விழாது. ஒரு தடவை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

"இது சரிவராது போல தங்கச்சி. பெட்டிய கண்டிக்கே ஏத்தி அனுப்புவமா?" என்று நானா கேட்டார்.

"வேணாம் நானா. ஒரே எடத்துலதான் நிக்குது. அப்ப ஒரே ஒரு காரணந்தான் இருக்கு."

இதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கீழ்த்தெருவில் ஒரு நெட் கஃபே இருந்தது. வீடியோ எடிட் செய்கிறவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து கேள்வி கேட்கும் இணையக் கூடம் ஒன்றை அங்கே உட்கார்ந்து தேடிப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கல்யாணம், அம்மா, குவைத், சனிக்கிழமை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மென்பொருளைப் பற்றிக் கடைசியில்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். மறுநாள் கஃபே திறக்குமுன்பே போய் வாசலில் நின்றேன். பிரேசிலிலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலவே நொண்டியது.

'உங்கள் கணினியில் பயனர் பெயரை எந்த மொழியில் வைத்திருக்கிறீர்கள்? என் பெயரில் ஓர் எழுத்தின் தலையில் சின்னக் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டினால் எனக்கு இது பல நாள் திறக்கவில்லை.'

நான் எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. புதுக் கணினியை முதன்முதலில் இயக்கியபோது அது பெயர் கேட்டது. நானாவும் நானும் பெருமையோடு தமிழில் 'நானா' என்றே தட்டியிருந்தோம். கணினி அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறையைத் திறந்து எல்லாவற்றையும் அதற்குள் வைத்துவிட்டது. மென்பொருள் திறக்கும்போது அந்தக் கோப்புறைக்குப் போகப் பார்க்கும். தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது. வழிதெரியாமல் அங்கேயே செத்துப்போகும்.

விஷயத்தை நானாவிடம் சொன்னேன்.

"இந்த பஜார்ல எம்பேரச் சொன்னா எல்லாக் கடையும் தொறக்கும். இவருக்கு மட்டும் புடிக்கல. சரி, அவருக்குப் புடிச்ச மாதிரி ஏதாச்சும் போடுங்க."

ஆங்கில எழுத்தில், குடிக்கிற 'டீ' என்று ஒரு புதுப் பயனர் பெயர் வைத்தேன். நிறுவினேன். தட்டினேன். முகப்பு வந்தது, சொற்கள் ஓடின, வழக்கமாகச் சாகும் இடத்துக்கு வந்தன, அதைத் தாண்டின. திரை முழுவதும் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வெற்று மேசை விரிந்தது. கோகிலா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் அந்த இடம் கன்றிப்போயிருந்ததை அப்புறம் வீட்டில்தான் பார்த்தேன். எனக்கு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து, கீழே போகிற பஸ்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

டேப் அதன் வேகத்தில்தான் ஓடும், அவசரப்படுத்த முடியாது. எல்லாம் உள்ளே வந்தபோது வியாழக்கிழமை ஆகிவிட்டது. அன்னத்துக்கும் இதயத்துக்கும் நேரமில்லை. காட்சிக்குப் பக்கத்தில் காட்சியை அப்படியே வைத்துக்கொண்டு போனேன். பெண் அழைப்பு, தாலி கட்டு, லயத்து வாசலில் ஆரத்தி. ட்ரயல் என்பதால் மூலையில் ஓர் ஆங்கிலச் சொல் கடைசிவரை ஒட்டிக்கொண்டே வந்தது.

"விடுங்கக்கா, எங்கம்மா அத டிசைன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள் கோகிலா.

வெள்ளிக்கிழமை நானா பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது, படம் வட்டில் பதிவதைக் காட்டும் கோடு பாதிகூட நிறைந்திருக்கவில்லை. "கரன்ட் போகாம இருக்க துஆ கேக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு தடவை விளக்கு மங்கியது. நானும் கோகிலாவும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. பிறகு தெளிந்தது. சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால் வட்டு சூடாக வெளியே வந்தது. கோகிலா அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

அந்த மாடியில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். நானா கடையை மூடிவிட்டுக் கினிகத்தேனையில் மகள் வீட்டோடு இருக்கிறார். கடையைக் காலி செய்தபோது, ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லாத டேப்புகள் பழைய சாமான் லொறியில் போயின. அந்த இணையக் கூடத்தைப் போன வாரம் தேடினேன், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. என் மடிக்கணினியின் கோளாறுக்கு டீ ஆறுவதற்குள் விடை கிடைத்துவிட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கோகிலாவின் அம்மா ஊருக்கே திரும்பி வந்த பிறகு ஒரு நாள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கையில் அந்த வட்டு. போட்டுப் போட்டு அடிப்பக்கமெல்லாம் கீறல். எதில் போட்டும் ஓடவில்லை. டேப்பும் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பரவால்ல தாயி, எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே" என்று அவர் சொல்லத் தொடங்கினார். யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சேலை கட்டினார்கள், மாப்பிள்ளை எப்போது சிரித்தார், ஒன்றும் தவறவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர், "தாலி கட்டுறப்ப லேசா தூறல் போட்டுச்சுல்ல, நாந்தான் ஓடிப்போயி புள்ளைக்குப் பின்னால கொடைய புடிச்சுக்கிட்டு நின்னேன். எங்கையெல்லாம் நனஞ்சு போச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார்.

அந்தப் படத்தை ஒவ்வொரு காட்சியாக எடுத்து வைத்தவள் நான். குடை பிடித்தது கோகிலாவின் சித்தி.

"ஆமாங்கம்மா, நல்லா நனஞ்சுட்டீங்க" என்றேன்.