பால் ஸ்டோருக்கு ஒரு பீப்பாய்த் தண்ணீர்

ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்பவனுக்கு மூன்று எஜமானர்கள்: ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட், உறையாமல் காக்கும் அமோனியா, இரண்டையும்விட நெடி அதிகமான பெரிய கிராணி. ஸ்டோரில் கண் எரிந்து நின்றவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

டீக் கோப்பை

மலாயாவில் காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரம். ஆசிட் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு டீக் கோப்பை இருந்தது. பால் தொட்டிகளில் ஆசிட் கலக்கும் சின்னப்பனுடையது. அதில்தான் ஆசிட் அளப்பான், அலசிவிட்டு அதிலேயே டீயும் குடிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பையைப் பிடுங்கி வெளியே எறிந்து, ஒரு சொட்டு பட்டால் தோல் கொப்புளித்துப் போகும் என்று கத்தினேன். அவன் அசையவே இல்லை.

"புளிப்புதானுங்க ஐயா. எலுமிச்சங்காயும் புளிப்புதான், அத யாரு பூட்டி வக்கிறாங்க?"

நீலத்தாள்

அவன் சொன்னது பாதி சரி. எலுமிச்சையும் இதுவும் ஒரே இனம்தான், வீரியம்தான் வேறு. அதைக் காட்டிவிடுவது என்று தோட்டத்துத் துரை கொடுத்திருந்த லிட்மஸ் நீலத்தாளை எடுத்தேன். எலுமிச்சைச் சாற்றில் நனைத்தால் சிவந்தது, நீர் கலந்த ஆசிட்டில் நனைத்தாலும் சிவந்தது. சிவந்த தாளில் அமோனியாவை ஒரு சொட்டு விட்டதும் மறுபடி நீலம். சவுக்காரத் தண்ணீருக்கும் அப்படியே. சிவக்க வைப்பது அமிலம், நீலத்துக்குத் திருப்புவது காரம், ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்று பெருமையாக விளக்கினேன். அன்றைக்கே என் வாயைத் தைத்திருக்கலாம். சின்னப்பனின் மனைவி முத்தம்மாவும் அதே ஸ்டோரில்தான் ஆசிட் ஊற்றுகிறவள். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு விசம், ஒண்ணு முறிவு. பாம்புக்கடி வைத்தியம் மாதிரி, அப்படித்தானுங்களே?"

டீ நிறத் தண்ணீர்

அப்படித்தான் என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

ஸ்டோருக்குப் பின்னால் சதுப்பு வாய்க்கால் ஒன்று, பால் ஊற்றாத டீ நிறத்தில் ஓடும். பால் வெட்டும் பெண்கள் அதில்தான் வாளி கழுவுவார்கள். அதற்குள் தாளை விட்டேன், லேசாகச் சிவந்தது. காட்டுச் சருகு ஊறிய தண்ணீர், அதுவும் புளிப்பு. வாளியில் பால் சீக்கிரம் திரிவதற்கு இதுவும் ஒரு காரணம், இனி யாரும் இந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். மலைக்குழாய்த் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். ஆசிட் தெறித்தால் கழுவுவதற்கு அதில் ஒரு பீப்பாய் பிடித்து ஜாடி மூலையில் வைக்க வேண்டும் என்று பெரிய கிராணியிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வாய்க்கால்ல வேணும்கிற மட்டும் ஓடுது. ஸ்டோருக்குக் குளிக்கவா வர்றாங்க?"

முறிவு

ஒரு நாள் பத்து மணி இருக்கும். முத்தம்மா புது ஜாடியைச் சாய்த்தபோது ஆசிட் குபுக்கென்று வந்து முகத்தில் அடித்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டாள். பால் நிறுக்கும் இடத்திலிருந்து நான் ஓடி வருவதற்குள் சின்னப்பன் அமோனியா போத்தலைத் திறந்து, அவள் கையை விலக்கி, கண்ணுக்கு நேராகச் சாய்க்கப் போனான். ஒரு சொட்டு விழுவதற்குள் போத்தலைத் தட்டிவிட்டேன். அது சுவரில் பட்டு உடைந்தது. தாளில் நடக்கும் சண்டை வேறு, கண்ணுக்குள் நடக்கும் சண்டை வேறு. அமிலத்தை முறிக்கும்போதே சூடு பிறக்கும், மிச்சமிருக்கும் காரம் அதைவிட ஆழமாகத் தின்னும். தண்ணீர் ஒன்றுதான் வழி, குழாயோ வறண்டு கிடந்தது. அவளை வாய்க்காலுக்கு இழுத்துப்போய், நான் தொடக்கூடாது என்று சொன்ன அதே தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு மொண்டு கண்ணில் ஊற்றினேன். ஆசிட்டின் வீரியத்துக்கு முன் அதன் புளிப்பு எந்த மூலைக்கு.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் வந்து கட்டுப் போட்டார். பார்வை மங்கலாகத்தான் இருக்கும், அமோனியா விழுந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது என்றார். நான் சின்னப்பனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுதுகொண்டே நிமிர்ந்தான்.

"நீங்கதானய்யா சொன்னீங்க, ஒண்ண ஒண்ணு முறிக்கும்னு."



பூட்டு

துரை பார்வைக்கு வருகிறார் என்றதும் நான்காம் நாளே பீப்பாய் வந்து இறங்கியது. மூடி போட்டு, மூடிக்குப் பூட்டும் போட்டிருந்தார்கள். கூலிகள் குடித்துத் தீர்த்துவிடுவார்களாம், சாவி பெரிய கிராணியின் இடுப்பில் இருக்குமாம். கண் வெந்துகொண்டிருக்கும்போது சாவிக்கு ஆபீசுக்கு ஓட வேண்டுமா? கையில் கிடைத்த இரும்புக் கம்பியால் அவர் எதிரிலேயே பூட்டை உடைத்தேன். துரைக்கு எழுதி என்னைத் தோட்டத்தைவிட்டே துரத்துவதாகக் குதித்தார் அவர். கண்ணில் கட்டோடு வேலைக்கு வந்திருந்த முத்தம்மா, பீப்பாயில் ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எழுதட்டுங்கய்யா. அந்தக் காயிதத்துல எங் கண்ணையும் சேத்து எழுதச் சொல்லுங்க."

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் உண்டாகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கள் ஸ்டோரில் தண்ணீர் உண்டாக ஒரு பெண்ணின் கண் தேவைப்பட்டது.