வென்ட்வேர்த்வில்லில் ஓர் உயிர்த்தெழுந்தவர்

பகல் பதினொரு மணி ஆகியும் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்தில் மூடுபனி கலையவில்லை. கடல் கடந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் நான் பரமாட்டா ரயிலுக்காக நிற்கிறேன். கையில் பைபிளோடு பக்கத்தில் வந்து நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர், கேட்காமலே சாட்சி சொல்லத் தொடங்குகிறார்.

"படகு கவிண்டு நான் கடலில செத்துப்போனனான், ஐயா. இயேசப்பாதான் எழுப்பினவர்."

ஓய்வுபெற்ற இறப்புப் பதிவாளரான என்னிடம் இதைச் சொல்கிறார். ஆதாரம் கேட்கிறேன். தயங்காமல் பைபிளுக்குள்ளிருந்து தன் இறப்புச் சான்றிதழின் நகலை எடுத்து நீட்டுகிறார். முத்திரை, பதிவு எண், தகவல் தந்த மனைவியின் பெயர், எதிலும் குறையில்லை. இதை ரத்து செய்ய ஊருக்கு நேரில் போகவேண்டும் என்கிறேன்.

"அதை விடுங்கோ. ஊரில மனிசி என்னைப் பேய் எண்டு நினைக்கிறா. வீடியோவில பாத்தும் அலறினவ. நான் உயிரோட இருக்கிறன் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

அவரே எண்ணை அழுத்தித் தருகிறார்.

"உங்க வீட்டுக்காரர் உயிரோட என் பக்கத்துல நிக்கிறார்மா."

"செத்தது எண்டு அவரே சொல்லுறார், ஐயா," என்கிறது மறுமுனைப் பெண்குரல். "பேய்க்கு நிழல் விழாது. அவருக்கு விழுதோ? பாத்து உண்மையைச் சொல்லுங்கோ."

குனிந்து பார்க்கிறேன். பொய்த் தகவல் குற்றம் என்று நாற்பது ஆண்டுகள் சொன்ன வாய் என்னுடையது.

"விழலம்மா."

பனியில் எனக்கும் விழவில்லை. அதைச் சொல்வதற்குள் இணைப்பு துண்டிக்கப்படுகிறது.

சூடான கை ஒன்று என் மணிக்கட்டைப் பற்றுகிறது.

"நம்பிறாவோ, ஐயா?"