ரோசலின் விட்டுச்சென்ற சுத்தியல்

செய்தி வந்தபோது நான் தேர்வுக்கூடத்தில் கண்காணிப்புப் பணியில் இருந்தேன். வெளியே வந்து கைபேசியை எடுத்தபோது ரோசலினின் தங்கை ஸ்டெல்லாவிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள். திருப்பி அழைத்தேன். "மேடம், அக்கா நம்பள வுட்டுப் பூட்ச்சி. காலைல ஃபிட்ஸ் வந்துது. இந்தத் தடவ நிக்கவேயில்ல" என்றாள். பிறகு, "அடுத்த வாரம் ரிலீஸுன்னு சொல்லிக்கினு இருந்துது. உங்களாண்ட சொல்லணுமேன்னுதான் ஃபோன் பண்ணேன்" என்றாள்.

இதைப் படிக்கும் தன்னார்வலர்களில் பலர் ரோசலினை நேரில் பார்த்ததில்லை. நம் மின்னஞ்சல் குழுவில் வந்து விழும் திட்டுகளாகத்தான் உங்களுக்கு அவரைத் தெரியும். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் வழியில் ஒரு காலனியில் அவர் வீடு. எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் உதவியாளர். நான் அதே துறையில் விரிவுரையாளர். வீட்டுக்கு வீடு ரூட்டர்களை இணைத்து, வெளி இணையம் அறுந்தாலும் தெருவுக்குள் தொடர்பு அறாமல் காக்கும் நம் கட்டற்ற மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பின் வெளியீட்டையும் ஒருங்கிணைத்தவர் அவர்தான். சம்பளமில்லாத, ஒருவரையொருவர் பார்த்திராத முப்பது பேரை ஒரே நாளில் ஒரே இடத்துக்கு இழுத்துவந்து நிறுத்துகிற வேலை. இப்படித் திட்டினால் யார் இருப்பார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "சம்பளம் வாங்கறவன திட்னா வேலைய வுட்டுட்டுப் போவான் மேடம். சும்மா செய்றவன திட்னா ரோசம் வந்து செஞ்சி காட்டுவான்" என்றார். சிலர் போகவும் செய்தார்கள். அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

முதல் வெளியீட்டுக்கு முன்பு ஆய்வகத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். மேசையில் ஐந்து ரூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. ரோசலின் பையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்து, யாரையும் கேட்காமல் நடுவிலிருந்த ரூட்டரின் ஆன்டெனாப் பக்கம் ஓங்கி அடித்தார். பிளாஸ்டிக் சில்லு ஒன்று என் கன்னத்தில் பட்டது. மதுரையிலிருந்து வந்திருந்த தன்னார்வலர், "ஏங்க்கா, பிளக்கப் பிடுங்கினா போதாதா?" என்று கேட்டார்.

"கரண்ட்ட புடுங்குனா சுத்தமா சாவும். மத்ததுங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். மனுசன் அடிச்சா பாதிதான் சாவும். பாரு, லைட்டு எரிஞ்சிக்கினு கீது. உயிரோட கீற மாதிரியே நடிக்கும். குடுக்கற மெசேஜ வாங்கிக்கும், அடுத்ததுக்குத் தள்ளி வுடாது. அந்தப் பாதிதான் நம்பளக் கொல்லும்."

அன்றுமுதல் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு ரூட்டரை அடித்து உடைப்பது நம் விதியானது. சோதனைப் பட்டியலில் கடைசி வரி அது. எனக்கு அது காட்டுமிராண்டித்தனமாகவே தோன்றியது.

காலனியில் இந்த வலை வளரவளர, ஒரே இணைப்பைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்டதால், அந்தப் பகுதிக்கு இணையம் விற்கும் கேபிள்காரருக்கு வாடிக்கை குறைந்தது. முதலில் கம்பிகள் அறுந்தன. அப்புறம் கூரைகளில் கல் விழுந்தது. அதனால்தான் ரோசலின் 'கூப்பிடு' வசதியைக் கேட்டார். கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கு வீடுகளில் மணி அடிக்க வேண்டும். நீங்கள்தான் அதை எழுதினீர்கள். அந்த வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரோசலின் அம்மாவுக்குக் காஞ்சிபுரத்தில் கண் அறுவைச் சிகிச்சை. சுத்தியலை என் மேசைமேல் வைத்துவிட்டு, "அடிச்சிப் பாத்துட்டு வுடுங்க மேடம். முடியலன்னா நான் வர்ற வரைக்கும் நிறுத்துங்க" என்று சொல்லிப் போனார்.

இனி எழுதப்போவது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் அடிக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கருவியை உடைக்க எனக்குக் கை வரவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். மற்ற ரூட்டர்கள் உடனே வேறு வழி கண்டுபிடித்தன, மணி அடித்தது. பட்டியலின் கடைசி வரியில் 'சோதித்தது' என்று என் பெயரைப் போட்டு வெளியிட்டேன். அன்று மாலைக்குள் காலனி ரூட்டர்கள் புதிய பதிப்புக்கு மாறிவிட்டன. கை வரவில்லை என்பது பாதி உண்மைதான். ஆய்வக உதவியாளர் ஒருவர் எனக்கு 'நிறுத்து' என்று சொன்னது பிடிக்கவில்லை என்பது மீதி.

மறுநாள் பிற்பகல் இரண்டு பைக்குகளில் நான்கு பேர் ரோசலின் வீட்டுக்கு வந்தார்கள். ரோசலின் அப்போதுதான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கி வந்திருந்தார். அவர்கள் முதலில் மாடியேறி, கம்பத்திலிருந்த ஆன்டெனாவை இரும்புக் குழாயால் நொறுக்கினார்கள். அதன் பிறகு கீழே வந்தார்கள். ஸ்டெல்லா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா ஓடியிருக்கலாம் மேடம். பின்பக்கம் வழி கீது. ஓடல. ஃபோன அமுக்கிட்டு அதையே பாத்துக்கினு நின்னுச்சி. மணி அடிக்கும், ஜனம் வரும்னு நின்னுச்சி." முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. கீழே விழுந்தவரின் வலது கையை, கைபேசியோடு சேர்த்து, ஒருவன் செருப்புக்காலால் மிதித்து அரைத்தான். மூன்று விரல்கள் முறிந்தன. கண்ணில் கட்டோடு அம்மா கட்டிலில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடிக்க வேண்டிய நாலாவது வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது, அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

ஆறாம் நாள் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து, இடது கையால், அவர் பிழைப் பட்டியலில் ஒரு பதிவு போட்டார். உங்களில் பலர் படித்திருப்பீர்கள்.

'1. ஆன்டெனாவை உடைத்தார்கள். 2. பொத்தானை அழுத்தினேன். 3. அனுப்பப்பட்டது என்று காட்டியது. 4. காத்திருந்தேன். எதிர்பார்த்தது: நான்கு வீட்டில் மணி. நடந்தது: மணி அடிக்கவில்லை.'

அவ்வளவுதான். கீழே நீங்கள் எல்லாரும் அதிர்ச்சியும் ஆறுதலும் எழுதினீர்கள். அவர் ஒரே ஒரு பதில் போட்டார்: 'அழறவங்க அழுதுட்டு, பிழைக்குப் பேட்ச் அனுப்புங்க.'

நான் பார்க்கப் போனபோது தலையில் கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றொன்றால் என்னைப் பார்த்தார். "அடிச்சீங்களா மேடம்?"

"இல்ல."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். முப்பது பேருக்கும் கிடைத்த அந்தத் திட்டு எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

"எல்லாருக்கும் எழுதிடறேன்" என்றேன்.

"இப்ப எழுதாதீங்க. எழுதுனா நம்ப சண்டையத்தான் வேடிக்க பாப்பானுங்க. புரோகிராம்ல கீற பக்கு அப்டியே கெடக்கும். மொதல்ல அது சரியாவட்டும்." கண்ணை மூடிக்கொண்டு, "எப்ப எழுதணும்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

பிழை மூன்று வாரத்தில் சரியானது. நான் எழுதவில்லை. மூன்று ஆண்டுகள் எழுதவில்லை. அந்த ஆண்டுகளில், தலையில் பட்ட அடியால், அவருக்கு அடிக்கடி வலிப்பு வந்தது. வலது கை சுத்தியலைப் பிடிக்காது, இடது கையால் அடிப்பார். ரூட்டர் நகராமல் நான் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு முறையும், "அடிக்கறீங்களா மேடம்?" என்று கேட்பார். "நீங்களே அடிங்க" என்பேன். அடி என் விரல்களுக்கு அரை அங்குலம் தள்ளி விழும். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் காலனிக்குப் போனேன். புதிய பதிப்பைச் சோதிக்காமல் வெளியிட முடியாது. ஸ்டெல்லா சுத்தியலைக் கொண்டுவந்தாள், கூடவே ரோசலின் அறையில் இருந்த ரூட்டரையும். "அக்காது. இதையே ஒடைங்க." நான் புதிய பதிப்பை ஏற்றி மின்சாரம் கொடுக்க, அவள் பிடித்துக்கொண்டாள். என் முதல் அடி வழுக்கித் தரையில் பட்டது. இரண்டாவது அடியில் ஆன்டெனா பிய்ந்து தொங்கியது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா பொத்தானை அழுத்தினாள்.

நான்கு வீட்டிலும் மணி அடித்தது. பக்கத்து வீட்டு மேரியக்கா துடைப்பக்கட்டையோடு ஓடி வந்தார். பின்னால் இரண்டு பெண்கள், ஒருத்தி கையெல்லாம் மாவு. சாவு வீட்டில் நான் சுத்தியலோடு நிற்பதைப் பார்த்து மேரியக்கா மூச்சு வாங்கக் கேட்டார்: "இன்னா மேடம், டெஸ்ட்டா, நெசமா?"

"டெஸ்ட்டுதான்க்கா" என்றாள் ஸ்டெல்லா.

"அவ கீறப்பவும் இப்டித்தான் உசுர வாங்குவா. செத்தும் வுட மாட்டேங்கறா" என்று சொல்லி மேரியக்கா அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

வெளியீடு இன்று போகிறது. அதற்கு முன் பழைய வெளியீட்டின் சோதனைப் பட்டியலைத் திறந்து, கடைசி வரியில் என் பெயருக்கு எதிரே இருந்த 'சோதித்தது' என்பதை 'சோதிக்கவில்லை' என்று திருத்தியிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தியல் என்னிடம் இருக்கிறது. அடுத்த வெளியீட்டுக்கும் நானே அடிப்பேன்.