சூடான அச்சும் துணிப் பெல்ட்டும்

பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல். "ஆறிடுச்சு" என்றேன். அந்தச் சொல்லை நம்பிய தங்கப்பாண்டியின் இடது பாதம் பாதியாகிப் போனது. இத்தனை காலமும் இதை எவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அலுமினிய உதிரிபாகங்கள் வார்க்கும் ஆலை அது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். அங்கே சோதனைக்கூடத்துக்கு நான் பொறுப்பாளன். எதை எவ்வளவு இழுத்தால் அறும் என்று பார்ப்பதே என் பிழைப்பு.

வார்ப்பு அச்சுகளை இயந்திரத்திலிருந்து கழற்றிக் கிரேனால் தூக்குவார்கள். சங்கிலி போட்டால் அச்சின் முகம் கீறிவிடும் என்று பாலியஸ்டர் பெல்ட் போடுவது வழக்கம். அச்சு சூடாக இருந்தால்? இரும்புச் சங்கிலிக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. பாலியஸ்டரோ இளகிப் பலம் இழந்துவிடும்.

இதை விளக்க ஒருநாள் எல்லோரையும் சோதனைக்கூடத்துக்கு அழைத்தேன். பெல்ட் துண்டு ஒன்றை இழுவை இயந்திரத்தில் மாட்டி இழுத்து நிறுத்தினேன். அசையவில்லை. சூடான காற்றை அதன்மேல் ஊதினேன்... அதே இழுவையில் பட்டென்று அறுந்தது!

பிள்ளைப்பாக்கத்துக் கன்னியப்பன் கைதட்டினான். "இன்னா சார், நம்ம பாண்டி மாரியே கீது! ஊர்லேந்து போன் வந்தா இவனும் இப்டிதான் உருகிடறான்!"

கிரேன் ஓட்டும் தங்கப்பாண்டி கோவில்பட்டிக்காரன். "பொறாமைல பேசுதான் சார்" என்று சிரித்தான்.

அன்றே ஒரு விதி செய்தேன். தூக்கும் முன் அச்சின்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும், சுர்ரென்றால் தூக்கக்கூடாது. ஆம், விதியைச் செய்தவன் நானேதான்!

எனக்குப் பிள்ளைகள் இல்லை. அது அவனுக்குத் தெரியும். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் சேவுப் பொட்டலம் கொண்டுவருவான். என் மனைவிக்குத் தனியாக ஒன்று. அவன் இல்லாத நாள்களில் மதியச் சோறு எனக்கு இறங்காது... இப்படிப்பட்ட ஒருவனைத்தான்!

அவனுக்கு மகள் பிறந்திருந்தாள். இன்னும் முகம் பார்க்கவில்லை. அன்று மாலைப் பேருந்தை விட்டால் மறுபடி எப்போது விடுப்பு கிடைக்குமோ தெரியாது. தூக்க வேண்டிய அச்சு ஒன்று மட்டும் பாக்கி. மற்றவர்கள் தேநீருக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் தெளிக்க நானே முன்வந்தேன்.

துளி சுர்ரென்று வற்றவில்லை. உருண்டு துள்ளியது. அப்படித் துள்ளினால் சூடு இன்னும் கடுமை என்று அறிந்தவன் நான்!

அச்சுக்கு மறுபுறம், கிரேன் பொத்தான்களைக் கையில் பிடித்தபடி அவன் கேட்டான்: "ஆறிட்டா சார்?"

"ஆறிடுச்சு. தூக்கி வச்சிட்டுக் கிளம்பு. பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

கொஞ்ச தூரம்தானே, தாங்கும் என்று நினைத்தேனா? நினைத்திருக்கலாம். அவனைப் பேருந்தில் ஏற்றிவிடும் ஆசை... அன்பு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேனோ? அன்பு இருந்திருந்தால் "நில்" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

முழங்கால் உயரம் எழும்பியதும் பெல்ட் அறுந்தது.

விசாரணையில் அவனே எனக்காகப் பேசினான். சார் பார்த்துத்தான் சொன்னார், பெல்ட்தான் பழசு என்றான். நிர்வாகம் பெல்ட்டுகளை மாற்றியது. நான் வாய் திறக்கவில்லை.

மருத்துவமனையில் நான் அழுதபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். "அழாதீய சார். காலுதான போச்சு, ஆளா போய்ட்டேன்?" அவன் தன் மகளை முதன்முதலில் பார்த்தபோது அவள் தவழத் தொடங்கியிருந்தாள்.

சென்ற மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த மகள் இப்போது ஆலை ஒன்றில் வேலைக்குச் சேரப் போகிறாள். அவளை என்னருகே உட்காரவைத்துச் சொன்னான்: "சார மாதிரி ஒருத்தர் மேல இருந்தா பயமே இல்லத்தா. பாக்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டாக."

அவள் என் காலில் விழுந்து வணங்கினாள். இப்போதாவது சொல், சொல் என்று நெஞ்சு இடித்தது. சொன்னால் இவன் போய்விடுவானே... மனைவி போன பிறகு எனக்கு இவனை விட்டால் யார்?

"நல்லா இரும்மா" என்றேன்.

விடைபெற எழுந்தேன். தள்ளிக் கிடந்த என் செருப்பை அவன் விந்தி விந்திப் போய் எடுத்துவந்தான். குனிந்து என் காலருகே வைத்தான். நான் போட்டுக்கொண்டேன்.