அண்ணனுக்குச் சட்டை எடுக்கப் பெங்களூர் போனது

பெங்களூரில் மலிவாகத் துணி எடுக்க எங்கே போகலாம் என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இன்றைய கடைகள் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் 1958-ல், என் இருபத்திரண்டாம் வயதில், கோலார் தங்கவயலிலிருந்து போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதைச் சொல்கிறேன். விலையெல்லாம் மாறியிருக்கும், கடைசியில் சொல்லும் யோசனை மட்டும் இன்றைக்கும் உதவும்.

என் அண்ணன் சுரங்கத்துக்குள் பாறை துளைக்கிற மிஷின் பிடித்தவர். கல்தூசி நெஞ்சில் இறங்கி, ஏழு மாதமாகப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று கார்டு வந்தது. குணமாகிவிட்டது என்றுதான் நாங்கள் புரிந்துகொண்டோம். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லயன் வீடுகள் முழுக்க அண்ணி சர்க்கரை கொடுத்தாள்.

ஆனால் போட்டுக்கொண்டு வர அவருக்குத் துணி இல்லை. இருமல்காரன் துணி வீட்டில் இருக்கக்கூடாது என்று லயன்காரர்கள் சொன்னதால் எல்லாவற்றையும் அண்ணி அப்போதே கொளுத்திவிட்டிருந்தாள். மிஞ்சியது, போட்டோ எடுக்க நான் இரவல் வாங்கித் திருப்பித் தராத ஒரு வெள்ளைச் சட்டை. அதுவும் என் புண்ணியத்தில் முதுகில் கிழிந்திருந்தது. அளவுக்காவது ஆகும் என்று பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ரெடிமேட் வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பழைய சட்டையோடு போவார்கள்.

எங்கள் ஊர் ஸ்டேஷனான மாரிக்குப்பத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, ஒன்றே முக்கால் ரூபாய். ஒன்பதரைக்குச் சிட்டி ஸ்டேஷன். மார்க்கெட்டுக்கு ஜட்காக்காரர் எட்டணா கேட்டார். ஒன்றரை மைலுக்கு எட்டணாவா! நடந்தே போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

மார்க்கெட் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாட்பாரம் முழுக்கத் துணி குவித்திருப்பார்கள். ஒரு பாய் கடையில் உட்கார்ந்து அண்ணன் சட்டையை விரித்தேன்.

"ஆளு இவ்ளோ பெருசா தம்பி?"

"கதவை அடைச்சிக்கினு நிப்பாரு பாய். தோளு பத்தலன்னா தூக்கி எறிஞ்சிடுவாரு."

பாய் நாற்பதாம் நம்பர் சட்டையும் அதற்கேற்ற பேண்டும் எடுத்துப்போட்டுப் பன்னிரண்டு ரூபாய் சொன்னார். இங்கே ஒரு நுணுக்கம்: பேரத்தில் இரண்டு முறை எழுந்து போகலாம், மூன்றாம் முறை போனால் கூப்பிட மாட்டார்கள். இரண்டாம் முறையிலேயே ஒன்பதுக்கு முடித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி அங்கிருந்து மூன்று மைல், பஸ்ஸுக்குப் பதினைந்து நயா பைசா. வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போய்விட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் சின்னவனே, இங்க இருக்கன்டா."

இரண்டு கட்டில் முன்பே அவரைத் தாண்டி வந்திருந்தேன். சொந்த அண்ணனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட நான் போய்ப் பார்த்ததில்லை. ஷிப்ட், ரயில் செலவு என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் என்பதுதான் நிஜம்.

சட்டையைப் போட்டு மேல் பொத்தான்வரை மாட்டினோம். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே என் கை முழுசாகப் போனது. அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"வளர்ற புள்ளைக்கு எடுக்கற மாதிரி எடுத்தாந்துட்டியேடா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு, "சின்னதா மாத்திக்கினு வா. இந்தக் கோலத்துல ஸ்டேஷன்ல இறங்கமாட்டேன்" என்றார்.

வாசலில் கம்பவுண்டரைப் பிடித்து, குணமாகித்தானே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "இனிமே இங்க வெச்சி செய்யறதுக்கு ஒண்ணுமில்லப்பா. வீட்டு சாப்பாடு சாப்பிடட்டும்" என்றார். கார்டில் எழுதியிருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

மறுபடியும் மார்க்கெட். மாற்றித் தரமாட்டேன் என்று சண்டை பிடிப்பார் என எதிர்பார்த்துப் போனேன்.

"இன்னா தம்பி, அண்ணன் ஒத்துக்கலியா?"

இரண்டு கையையும் நீட்டி, நெஞ்சு இவ்வளவுதான் என்று காட்டினேன். பாய் என் கைகளைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பையன்கள் துணிக் குவியலிலிருந்து ஒரு நீலக் கோடு சட்டையும் சாம்பல் பேண்டும் தேடி எடுத்தார். மடித்துக் கட்டி, மேலே இரண்டு ரூபாய் வைத்தார்.

"சின்ன சைஸு. வெல கம்மி."

காலையில் அந்த இரண்டு ரூபாய்க்காக இன்னும் கால்மணி நேரம் மல்லுக்கட்டியிருப்பேன். அப்போது அதைத் தொடவே கை கூசியது.

சாயங்கால ரயிலில் அண்ணன் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். மாரிக்குப்பத்தில் என் கையைப் பிடிக்காமல் இறங்கினார். அண்ணி சட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டு, "ரொம்ப எடுப்பா இருக்குது" என்றாள். அந்தச் சட்டை மூன்று துவைப்புத்தான் கண்டது. இந்த முறை அதை யாரும் கொளுத்தவில்லை, அதோடுதான் அவரை அடக்கம் செய்தோம்.

துணி எடுக்கப் போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் போங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், தையல் பிரிகிறதா என்று இழுத்துப் பாருங்கள். அளவுக்குப் பழைய சட்டையை நம்பாதீர்கள். முதலில் ஆளைப் போய்ப் பாருங்கள். கடை எங்கேயும் போய்விடாது.